உச்சி வெயிலில் நின்றுபோன இன்வெர்ட்டர்

தேன்மொழிக்கு ஒரு சீடர் வாய்த்தார். குருவைவிட வயதில் மூத்த சீடர்.

பெயர் நாச்சிமுத்து. பல்லடத்தில் தறிப்பட்டறை வைத்திருந்தவர். தறிகளை விற்றுவிட்டு, தாராபுரத்தில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற உடம்பு இல்லை அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேன்மொழியின் சோலார் கடை இருந்தது. மகள் வீட்டு பேட்டரிக்குத் தண்ணீர் வாங்க ஒருநாள் அங்கே போனவர், தண்ணீர் கேனைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடு என்றார்.

"இந்த வயசுல எதுக்குங்ணா?"

"கரண்டு போச்சுன்னா நின்னுபோற தறிகூடவே ஆயுசு போயிருச்சு அம்மணி. கரண்டை உண்டாக்கறது எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாவறேன்."

அவள் டெஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அவர் அவளை அம்மணி என்றார். அவள் அவரை அண்ணா என்றாள். குரு, சீடன் என்ற பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை. கடைவீதிதான் அப்படிச் சொல்லிச் சிரித்தது. சிஷ்யப்பிள்ளைக்குத் தலை முழுக்க நரைச்சுருச்சு, குருவுக்கு ஒரு முடிகூட வெளுக்கலையே என்று டீக்கடைக்காரர் தினமும் கேட்பார். நாச்சிமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

வேலையில் கை சுத்தம். எதையும் ஒருதடவை காட்டினால் போதும். ஆனால் வாய் கொஞ்சம் முந்தும்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எந்த இன்வெர்ட்டருங்க நல்லது?"

தேன்மொழி பதில் சொல்லமாட்டாள். திருப்பிக் கேட்பாள். "கரண்டு போனா உங்க வீட்ல எது நிக்கக் கூடாதுங்க?"

ஃபேன் என்பார் ஒருவர். மீன்தொட்டி மோட்டார் என்பார் இன்னொருவர். சீரியல் என்றவரும் உண்டு, அவர் ஆம்பளை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு அவர்கள் வீட்டுக்கே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துதான் விலை பேசுவாள்.

நாச்சிமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை.

"ஏனுங்கம்மணி, மூணே வகைதானே? ஒண்ணு, லைன்ல சேர்ந்து ஓடறது. பேட்டரி வேண்டாம், பில்லு கொறையும். ரெண்டாவது, பேட்டரி வெச்சுத் தனியா ஓடறது. மூணாவது, ரெண்டுஞ் சேந்தது. இதைச் சொல்லி வித்துப்போட வேண்டியதுதானே? வீடு வீடாப் போயி எதுக்குக் காப்பி குடிக்கறது?"

"காப்பி நல்லா இருக்குதுங்ணா."

கிண்டல் செய்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில் தேன்மொழியின் தங்கைக்குப் பிரசவம். தேன்மொழி மதுரைக்குப் போனாள். குழந்தைக்குப் பேர் வைத்துவிட்டுத்தான் வருவேன் என்று சாவியை நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள். அவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

அப்போது வந்தவள்தான் மரகதம். குண்டடம் போகிற வழியில் தோட்டத்து வீடு. புருஷன் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அவள் இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிறாள்.

நாச்சிமுத்து குருவின் கேள்வியைக் குருவைப் போலவே கேட்டார். "கரண்டு போனா உங்க வீட்ல எது நிக்கக் கூடாதுங்க?"

"இன்குபேட்டருங்க. போன தடவை ஷட்டவுன்ல நின்னு, பாதி முட்டை உள்ளயே செத்துப்போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மிஷினை எடைக்குப் போட்டுருவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிப்போட்டாருங்க. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு தொழிலுதானுங்க."

"ஷட்டவுன் தவிர மத்த நேரத்துல போகுதுங்களா?"

"போனாலும் உடனே வந்துருமுங்க. எப்பவாச்சும் ஒருநாளு ஷட்டவுன்னு எடுத்தாங்கன்னாத்தான், காலைல போனது சாயங்காலம்தான் வரும்."

நாச்சிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டார். ஷட்டவுன் பகலில். வெயிலும் பகலில். அப்புறம் பேட்டரி எதற்கு? தமிழ்நாட்டில் இதே கணக்கைப் போட்டவர்கள் ஏராளம். போட்டுப் பார்க்கும்போது அவ்வளவு அழகாக இருக்கும் கணக்கு அது.

"உங்களுக்குப் பேட்டரியே வேண்டாம் தாயி. வேண்டாததைத் தலைல கட்டி அனுப்பற ஆளு நானில்லை" என்றார். லைனில் சேர்ந்து ஓடுகிற இன்வெர்ட்டரையே போட்டார். மாடியில் பேனல் மின்னியது. மீட்டர் மாற்றினார்கள். பில் குறைந்தது. மரகதம் கூடையில் முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

போனில் தேன்மொழியிடம், ஒரு தோட்டத்து வீட்டுக்கு பில் குறையப் போட்டுக் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னார். இன்குபேட்டர் பேச்சை எடுக்கவில்லை. நேரில் வந்ததும் கூட்டிப்போய்க் காட்டி அசத்தலாம் என்று இருந்தார்.

தேன்மொழி ஊர் திரும்பிய மறுநாளே தாராபுரத்திலும் குண்டடம் பக்கமும் ஷட்டவுன். வெயில் மண்டையைப் பொளந்தது. அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது மரகதம் கூப்பிட்டாள்.

"அண்ணா, மிஷின்ல செவப்பு லைட்டு எரியுதுங்க. இன்குபேட்டரு நின்னுபோச்சு."

"வெயில் அடிக்குதில்ல?"

"கொளுத்துதுங்க."

நாச்சிமுத்து வண்டியை விரட்டிக்கொண்டு போனார். பேனலைப் பார்த்தார். சரியாக இருந்தது. ஒயரைப் பார்த்தார். சரியாக இருந்தது. பேனலிலிருந்து கரண்டு இன்வெர்ட்டர் வரைக்கும் வந்து நிற்கிறது. இன்வெர்ட்டர் மட்டும் வாங்கமாட்டேன் என்கிறது. லைனில் கரண்டு இல்லை என்றால் இந்த வகை நின்றுவிடும் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதோடு வந்த புத்தகத்தில் படித்ததுதான். ராத்திரிக்குச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

"கெடுத்துட்டியே, சனியம் புடிச்ச மிஷினே" என்று அதைத் திட்டினார். திட்டு தனக்கு என்று அவருக்கே தெரியும்.

  மரகதம் இன்குபேட்டரைக் கம்பளியால் மூடி, அதன் மேல் தன் சேலைகளையும் போட்டு, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நாளானைக்குப் பொரியற முட்டைங்க. காதை வெச்சா உள்ள சத்தங்கூடக் கேக்குது" என்றாள்.

நாச்சிமுத்து காதை வைத்தார். கேட்டது. 

தறி ஓட்டிய மூளை, சும்மா இருக்குமா? பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்று இருந்தது. இன்குபேட்டரை நேராக அதில் மாட்டினால் சித்த நேரத்தில் உயிரை விட்டுவிடும். ஆனால் அதை வீட்டு ஒயரில் கொடுத்தால், லைனில் கரண்டு வந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் நம்பிவிடும். நம்பிவிட்டால் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் வெயில் பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஏமாற்றினால் போதும்.

மெயின் சுவிட்சை இறக்கினார். இரண்டு பக்கமும் பிளக் வைத்து ஒரு ஒயர் செய்தார். ஒரு முனையை யுபிஎஸ்ஸில் செருகினார், மறுமுனையைச் சுவரில் செருகினார். இனி யுபிஎஸ் பட்டனை அமுக்குவதுதான் பாக்கி. பழக்க தோஷம், அமுக்குவதற்கு முன்னால் தேன்மொழியைக் கூப்பிட்டார். நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

தேன்மொழி திட்டவில்லை. "எங்க வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழட்டி எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் இன்குபேட்டரைத் திறக்க வேண்டாமுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"நீங்க வர்றதுக்குள்ள முட்டை ஆறிப்போகும் அம்மணி. நான் இதைப் போட்டர்றேன்."

"மெயினு?"

"எறக்கிட்டனுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"



"வேண்டாமுன்னு சொன்னா இப்ப நீங்க கேக்க மாட்டீங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்ங்ணா. லைன்ல எங்க வேலை நடக்குதுன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. வந்து பட்டனை அமுக்கறதும் அமுக்காததும் உங்க இஷ்டம்."

இது என்ன வெட்டி வேலை என்று நினைத்துக்கொண்டுதான் நாச்சிமுத்து நடந்தார். தென்னந்தோப்பைத் தாண்டி ரோட்டோரக் கம்பத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பைக், அதில் டிபன் கேரியர் தொங்கியது. ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. மேலே இடுப்பில் பெல்ட் கட்டி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மெல்லிய கம்பி முறுக்குவதற்காகக் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

"எந்நேரம் ஆகுமுங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"சாயங்காலம் ஆயிருமுங்ணா. பீங்கான் எல்லாம் மாத்தோணும்."

"வெறுங்கையில கம்பியைப் புடிச்சிருக்கீங்க?"

"டிரான்ஸ்பார்மர்ல பீஸைப் புடுங்கிக் கையில வெச்சுட்டுத்தான் எங்காளு உக்காந்திருக்கான். அக்கட்ட இருந்து வராதுங்க."

"இக்கட்ட இருந்து?"

மேலே இருந்தவர் சிரித்தார். "இக்கட்ட மரகதக்கா வீடும் வாத்தியாரு வீடுந்தானுங்களே. அங்கிருந்து என்ன வரப்போவுது?"

நாச்சிமுத்து திரும்பி நடந்தார். மெயினை இறக்கிவிட்டுத்தானே வந்திருக்கிறோம், வீட்டுக் கரண்டு வெளியே லைனுக்குப் போகாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இறக்கியது நிஜம். கை வைத்து இழுத்தது இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தார். மெயின் சுவிட்சின் பிடி மேலே இருந்தது.

"மரகதம், மெயினை யாரு போட்டது?"

"நான்தானுங்க. நீங்க அக்கட்ட போனீங்களா, ஒருவேளை கரண்டு வந்துருச்சோன்னு தூக்கிப் பாத்தனுங்க. வரலீங்க."

அவர் சுவரில் செருகியிருந்த ஒயரைப் பார்த்தார்.

"அந்தப் பொட்டியையும் அமுக்கிப் பாக்கலாமான்னு நெனச்சனுங்க. நீங்க சத்தம் போடுவீங்களோன்னு விட்டுட்டேன்" என்றாள் அவள், அதே குரலில்.

நாச்சிமுத்து முதலில் ஒயரைப் பிடுங்கினார். அப்புறம் கட்டிங் பிளேயரை எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணி வேணுமுங்களா என்று மரகதம் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்கு எதற்கு இப்படி வேர்க்கிறது என்றுதான் பார்த்தாள்.

தேன்மொழி குட்டியானை வண்டியில் வந்து இறங்கினாள். பின்னால் இன்வெர்ட்டரும் பேட்டரியும்.

"எங்க மாமியாரு விசிறியும் கையுமா உக்காந்திருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் நான் வீட்டுப் பக்கம் போக முடியாது" என்றாள்.

பேட்டரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். வீட்டு ஒயர் எதையும் தொடவில்லை. இன்குபேட்டரின் பிளக்கை மட்டும் கொண்டுவந்து இன்வெர்ட்டரில் மாட்டினாள். உள்ளே சின்ன ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. மரகதம் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சூடு ஏறுவதைக் காட்டுகிற எண்ணையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டிய இடத்துக்கு அது வந்து நின்றபோது மரகதம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதுவரை அழாத அழுகை மொத்தமும் வந்தது.

முட்டை கொஞ்சம் வீணானது உண்மை. பொரித்தது அதைவிட மிக அதிகம். தட்டு நிறையக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. மரகதத்தின் புருஷன் லாரியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். மிஷினை எடைக்குப் போடுகிற பேச்சு அதோடு நின்றுபோனது.

அன்று தேன்மொழியும் நாச்சிமுத்துவும் மறுபடி அங்கே போனார்கள். மரகதம் காப்பி கொடுத்தாள். தேன்மொழி நிதானமாகக் குடித்தாள். குடித்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள், அடுக்களையைப் பார்த்தாள், இன்குபேட்டர் இருந்த மூலையைப் பார்த்தாள்.

"மாடில இருக்கறது அப்படியே இருக்கட்டுமுங்க. அது பில்லைக் கொறைக்கற வேலையை ஒழுங்காச் செய்யுது. இன்குபேட்டருக்கு மட்டும் தனி லைன் இழுத்து, ஒரு சின்ன இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் போட்டுரலாம். கரண்டு போனா அதுவே மாறிக்கும். நீங்க மெயின்கிட்டப் போகவே வேண்டாம்" என்றாள்.

"டிவியையும் அதுலயே சேத்துரலாமுங்களா?" என்றாள் மரகதம்.

"குஞ்சு டிவி பாக்குதுங்களா?"

மரகதம் சிரித்துவிட்டாள்.

"பேட்டரி லித்தியமாப் போட்டர்லாமா அம்மணி? பாக்கறதுக்கு ஒரு வேலையும் இருக்காது" என்றார் நாச்சிமுத்து.

"தண்ணி ஊத்தற பேட்டரியே போதுமுங்ணா. வாசல்ல பாருங்க. இத்தனை கோழிச் சட்டி இருக்குது, ஒண்ணுலயாவது தண்ணி வத்தியிருக்குதா? இவங்க பேட்டரிக்குத் தண்ணி ஊத்த மறப்பாங்களா?"

நாச்சிமுத்து வாசலைப் பார்த்தார். எல்லாச் சட்டியிலும் தண்ணீர் ததும்பியது. அவரும் இந்த வாசல் வழியாக எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறார். கையிலிருந்த காப்பியை ஒரு வாய் குடித்தார்.

திரும்பி வரும்போது தேன்மொழி வண்டி ஓட்டினாள். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தென்னந்தோப்பு போனது. ரோட்டோரக் கம்பம் போனது. அதில் இப்போது யாரும் இல்லை. கடைவீதி வாசனை வருகிற வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. வாய் முந்துகிற ஆள்.

"அம்மணி."

"சொல்லுங்ணா."

"அன்னைக்கு நான் மெயினை எறக்கிட்டுத்தான் போனேன். பொய்யில்லை."

"தெரியுமுங்ணா."

"அந்தப் புள்ள வெவரம் தெரியாமத் தூக்கிப் பாத்துச்சு. எந்த வீட்லதான் தூக்கிப் பாக்காம இருக்கறாங்க? மேல இருந்தவரும் பீஸைப் புடுங்கச் சொல்லிட்டுத்தான் ஏறியிருக்காரு. ஆருமே வேணும்னு ஒண்ணும் பண்ணலை. ஏதாச்சும் ஆகியிருந்தா தப்பு ஆரு மேலங்க? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. சொல்லுங்க."

தேன்மொழி எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டாள்.

"தப்பை உங்க மூணு பேருல ஆரு வேணாலும் எடுத்துக்கலாமுங்ணா. கம்பத்து மேல ஒரு ஆளு இருக்கலாமுன்னு அன்னைக்குக் காலையிலயே நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான்."

"எதுங்க?"

"நின்னுபோச்சுன்னு நீங்க திட்டுனீங்களே, அந்த மிஷினு."